கிராட்டுவிட்டி என்றால் நன்கொடையா?

"இங்கிலிஷ் லிட்ரச்சர் டவுன் பிள்ளைகளுக்கு உள்ள பாடம். நம்ம பிள்ளைக்கு எதுக்கு டீச்சர்?" சாதாரண தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும் நேரத்தில் பெற்றோர் என்னிடம் இப்படித்தான் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சிமிலி, மெட்டஃபர், ஐரனி என்று வரைவிலக்கணங்களைப் பாடமாக்கி ஒப்புவிப்பதுதான் அந்தப் பாடம் என்றால் நானும் வேண்டாம் என்றே சொல்வேன். ஆனால் ஒரு சொல்லைப் பிரித்து, அதன் வேர் எது, யார் எதற்காக அதைச் சொல்கிறார்கள் என்று பார்க்கப் பழக்குவதும் அந்தப் பாடம்தான். அந்தப் பழக்கம் நம் வீட்டுக்கு அவசியம் வேண்டும்.

நான் பிறந்தது அம்பாறை மாவட்டத்து நாவிதன்வெளியில். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் குடியேற்றிய ஊர்களை அங்கே இன்றும் நாலாம் கொலனி, ஏழாம் கொலனி என்று இலக்கம் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கொலனி என்ற சொல்லின் வேர் லத்தீன் மொழியில் நிலத்தை உழுபவனைக் குறிக்கும். அக்ரிகல்ச்சர் என்பதில் வரும் கல்ச்சரும் அதே வேர்தான். வகுப்பில் இதைச் சொன்னால் போதும், பிள்ளைகள் அடுத்த சொல்லைத் தாங்களே கேட்பார்கள். கங்காணி என்ற நம் சொல் ஆங்கில அகராதியில் இருக்கிறது என்றால் இன்னும் சிரிப்பு.

இனி நம் வீட்டுக் கடுதாசிக்கு வருவோம். ஓய்வு பெறும்போது வரும் பணத்தை நாம் சேவைக்காலப் பணம் என்கிறோம். சட்டத்தின் ஆங்கிலத்தில் அது கிராட்டுவிட்டி. அதன் லத்தீன் வேர் இலவசமாக, மனமுவந்து கொடுப்பதைக் குறிக்கும். கிராட்டிட்யூட், அதாவது நன்றி, அதே குடும்பத்துச் சொல். ஹோட்டலில் வெயிட்டருக்குக் கொடுக்கும் டிப்ஸையும் ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். தமிழிலும் பணிக்கொடை என்று எழுதி, கொடையாகவே ஆக்கிவிட்டார்கள். இரண்டு மொழியிலும் பெயர் இப்படி இருந்தால், ஆபீஸ் வாசலில் நிற்கும் அம்மா அதைத் துரை பார்த்துக் கொடுக்கும் தருமம் என்று நினைக்காமல் என்ன செய்வார்?

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் சொல்வது வேறு. பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு அது உரிமை. நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பளத்தின்படி. வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். 30 வருடம் கொழுந்து பறித்த ஒருவருக்கு 420 நாள் சம்பளம் வரும். நாளுக்கு 1,350 ரூபா என்று வைத்தால் 5,67,000 ரூபா. இதைக் கேட்டு வாங்குவதற்குக் கைகட்டி நிற்கத் தேவையில்லை.

இன்னொரு சொல்லையும் பாருங்கள். யூஃபமிசம். கிரேக்கத்தில் 'நல்ல பேச்சு' என்று பொருள். நம் இலக்கணத்தில் மங்கலம், இடக்கரடக்கல் என்று படிக்கிறோமே, அதற்கு உறவு. செத்தார் என்பதைச் சிவபதம் அடைந்தார் என்கிறோம், அதில் குற்றமில்லை. ஆனால் கம்பனிகள் இப்போது பேசும் அவுட்குரோவர், ரெவனியூ ஷேர் என்ற சொற்களையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். தேயிலை மரங்களைப் பிரித்துத் தந்து, பராமரித்துக் கொழுந்தைக் கொடு, வருமானத்தில் பங்கு தருகிறோம் என்கிறார்கள். 'குரோவர்' என்றால் பயிர் செய்பவர், கேட்க மரியாதையாக இருக்கிறது. அதற்கு முன்னால் நிற்கும் 'அவுட்' எதற்கு? எதிலிருந்து வெளியே? செக்ரோலில் இருந்து பெயர் போனால் சேமலாப நிதிக்குத் தோட்டம் கட்டும் 12 சதவீதமும், நம்பிக்கை நிதியத்துக்குக் கட்டும் 3 சதவீதமும், மேலே சொன்ன 14 நாள் கணக்கும் யார் பொறுப்பு? இந்த முறையில் நன்மையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கையெழுத்துக்கு முன் இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும் என்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அந்தச் சொல்லைப் பிரித்தாலே கேள்வி தானாக வந்துவிடும்.

ஆங்கில இலக்கியம் நமக்கு அந்நியம் என்பவர்கள் சி. வி. வேலுப்பிள்ளையை மறந்துவிட்டார்கள். மடகும்புரத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போன தொழிற்சங்கவாதி அவர். 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்ற கவிதையை ஆங்கிலத்தில் எழுதியவரும், நம் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தவரும் அவரே. ஒரு மொழிக்காக மற்றதை அவர் விடவில்லை.

பல தோட்டப் பாடசாலைகளில் இந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்பது உண்மை. அதை வலயக் கல்விக் காரியாலயத்தில் கேட்பது சங்கத்தின் வேலை, சம்பளப் பேச்சுக்கு அடுத்த வரியில் அதுவும் இருக்க வேண்டும். அதுவரை தோட்டக் கமிட்டித் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் வாசிகசாலையைத் திறந்து தாருங்கள். பாடப் புத்தகம் வேண்டாம். சம்பளத் துண்டு, சேமலாப நிதிக் கடிதம், ஆபீசிலிருந்து வந்த ஆங்கிலக் கடுதாசி ஏதாவது இருந்தால் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். அம்மாமாரும் கூட வந்தால் நல்லது, கடுதாசியில் இருப்பது அவர்களுடைய பெயர்தானே.