குழி தோண்டிய கனவான்கள்

2011 மார்ச். அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில், வேலையில்லாத நேரத்தில் நண்பர்களோடு பழைய சுரங்கம் பார்க்கப் போன ஓர் இளைஞர் செங்குத்துக் குழியில் விழுந்தார். ஆழம் 190 அடி. கேமராவை இறக்கிப் பார்த்தார்கள், மூச்சு இருந்தது. ஆனால், காப்பாற்ற இறங்கியவர்கள் மேல் கல்லாகச் சரிந்தது. வேறு வழியில்லாமல் மீட்பைக் கைவிட்டார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார்.

'கொழுப்பெடுத்துப் போனான், அனுபவிச்சான்' என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். 'உள்ளே வராதே, உயிரோடிரு' என்று அங்கே அரசாங்கமே பிரசாரம் செய்கிறது. நியாயம்தான். பழைய சுரங்கத்தில் தரை என்று நம்பிக் கால் வைக்கிற இடம், குழியின் மேல் போட்ட உளுத்த பலகையாக இருக்கும். நூறு வருட மண் அதை மூடியிருக்கும். ஆக்ஸிஜன் குறைந்த காற்றுக்கு வாசனையும் கிடையாது. இதற்குள்ளே டார்ச் லைட்டோடு போய் வீடியோ எடுத்துப் போடும் சூரப்புலிகள் மீது எனக்கும் கோபம் உண்டு.

ஆனால், குழியைத் திறந்துபோட்டுப் போனவனை ஏன் யாரும் திட்டுவதில்லை?

1872-ல் ஜனாதிபதி கிராண்ட் கையெழுத்திட்ட சுரங்கச் சட்டம், பொது நிலத்தில் யார் வேண்டுமானாலும் தோண்டலாம் என்றது. தோண்டி முடித்தால் மூடு என்று ஒரு வரி இல்லை. வெள்ளி தீர்ந்தது, முதலாளி மூட்டை கட்டினார். பி.காம். முதல் வருஷத்திலேயே எங்களுக்குச் சொல்லித்தந்தது, வரப்போகும் லாபத்தை எழுதாதே, வரப்போகும் நஷ்டத்தை எழுதிவை என்பது. இந்தக் கனவான்கள் லாபத்தை எடுத்துக்கொண்டு நஷ்டத்தை மலையிலேயே விட்டுப்போனார்கள்.

2020-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு கணக்கெடுத்தது. மத்திய அரசு நிலங்களில் கைவிடப்பட்ட குழி, குகை, கழிவுக் குவியல் எல்லாம் சேர்த்துக் குறைந்தது 1,40,000. சுமார் 67,000 ஆளை விழுங்கக்கூடியவை.

இப்போது புதிதாகத் தோண்டுகிறவர் மூடும் செலவுக்கு உத்தரவாதப் பணம் கட்டவேண்டும். சரி, பழைய குழிகளுக்கு யார் தருவது? நிலக்கரிக்கு 1977-லேயே வழி கண்டார்கள். இன்றைய கம்பெனி டன்னுக்கு இவ்வளவு என்று கட்டும், அதில் பழைய சுரங்கத்தை மூடுவார்கள். தங்கம், வெள்ளி, செம்புக்கு மட்டும் அந்தக் கட்டணம் கிடையாது.

1872 சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. அதன்படி எடுக்கும் தங்கத்துக்கு மத்திய அரசுக்குத் தரவேண்டிய ராயல்டி, இன்றைக்கும் பூஜ்யம்.