பெட்டிய வாங்கிப் படம் போட்டதுக்கா இவ்வளவு?



கொஞ்சம் நீளமான போஸ்ட். நேரம் உள்ளவர்கள் வாசியுங்கள். இல்லாதவர்கள் வழமை போல படத்தைப் பார்த்துவிட்டு ஏசிவிட்டுப் போகலாம்.

வியாழக்கிழமை நான் மூன்று சாமான்களைப் படம் எடுத்துப் போட்டேன். ஒன்று கட்டான், கொழும்பில் ஒருவர் பாவித்தது, 9,000 ரூபா. மற்றது கார்காசோன், புதுசு. மூன்றாவது ஒரு கெரம் போர்ட், 29 அங்குல ஆட்டப்பரப்புள்ள முழு அளவு. மேசை விளையாட்டில் விருப்பமுள்ள எங்கள் வட்ஸ்அப் குழுவுக்காக எடுத்த படம்தான். அங்கே ஆளாளுக்கு வாங்கியதைக் காட்டுவோம், விலை கேட்போம், யாருக்கு மலிவாகக் கிடைத்தது என்று பொறாமைப்படுவோம். அதே படத்தை இங்கேயும் போட்டேன். "டீச்சர்மாருக்குச் சம்பளம் கூடிட்டு போல" என்றார் ஒருவர். "மூணு புள்ளட உம்மா, இன்னும் வெளாட்டுச் சாமான் வாங்குறா" என்றார் இன்னொருவர். ஒரு நானா மட்டும் இன்பொக்ஸில் வந்து, "தங்கச்சி, பொம்புளப் புள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று மரியாதையாகக் கேட்டார். மரியாதையாகக் கேட்டதால் அவருக்குத்தான் முதல் பதில்.

நானா, பின்னேரம் அஞ்சு மணிக்கு ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். கடற்கரையில் ஆண் பிள்ளைகள். மைதானத்தில் ஆண் பிள்ளைகள். விளக்குப் போட்டு இரவிலும் சொஃப்ட்போல் சுற்றுப்போட்டி. கழகக் கட்டடத்தில் கெரம். சந்தோசம், விளையாடட்டும். இப்போது பெண் பிள்ளைகளைத் தேடுங்கள். டியூஷனில் இருப்பார்கள். டியூஷன் விட்டால் வீட்டில். வீட்டில் என்றால் போனில். தரம் 5 வரை ஒழுங்கைக்குள் ஓடி விளையாடிய பிள்ளை, தரம் 8க்கு வந்ததும் வாசல்படியோடு நின்று விடுகிறது. அது சரியா பிழையா என்று இந்தப் போஸ்டில் நான் வாதாட வரவில்லை. வெளியில் விடமாட்டோம் என்று முடிவெடுத்தாயிற்று. அப்போ உள்ளுக்குள் என்ன வைத்திருக்கிறோம்? நான் கேட்பது அதை மட்டும்தான்.

கெரத்தையே எடுங்கள். 2012இல் கொழும்பில் நடந்த உலகச் சம்பியன் போட்டியில் பட்டம் வென்றவர் நம் நாட்டு நிஷாந்த பெர்னாண்டோ. அந்தப் போட்டிகளில் பெண்களுக்குத் தனிப் பிரிவும் இருக்கிறது. ஓடத் தேவையில்லை, வெயிலில் நிற்கத் தேவையில்லை, உடுப்பைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்ல இடமில்லை. விரலும் கண்ணும் பொறுமையும் போதும். இதைவிட வசதியாக ஒரு விளையாட்டை நாமே உட்கார்ந்து யோசித்தாலும் கண்டுபிடிக்க ஏலாது. ஆனாலும் என் வகுப்பில் ஸ்ட்ரைக்கரைக் கையில் பிடித்துப் பார்த்த பிள்ளைகள் மூன்று பேர். மூன்று பேருக்கும் வீட்டில் நானாமார் இருக்கிறார்கள், அதனால்.

இனி சல்லிக் கணக்கு. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதை எல்லோரும் அனுபவித்தோம். வெளிநாட்டுச் சாமான் என்றால் புதுசாக வாங்கப் பயமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் பாவித்ததைத் தேடுகிறேன். 9,000 ரூபாப் பெட்டியில் நாலு பேர் விளையாடலாம், பத்து வருசம் விளையாடலாம், அப்டேட் கேட்காது, டேட்டா கேட்காது. ஒரு பெருநாள் உடுப்பின் விலை அது. உடுப்புப் படத்துக்கு "மாஷா அல்லாஹ்" போட்ட அதே ஆட்கள் இதற்கு வந்து வீண்விரயம் என்கிறார்கள். பரவாயில்லை, இரண்டையும் ஒரே தராசில் வையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

தாயக்கட்டை விசயத்தையும் இரண்டு பேர் எழுப்பினார்கள். இது நியாயமான கேள்வி. அதைப் பற்றி ஹதீஸ் இருக்கிறது, அதைத் தள்ளிவிட்டுப் பேச நான் ஆள் இல்லை. தீர்ப்புச் சொல்ல உலமாக்கள் இருக்கிறார்கள். நான் கணிதம் படிப்பிக்கிறவள், நான் செய்ததைச் சொல்கிறேன். கட்டானில் ஒரு தீவு இருக்கிறது, 19 அறுகோணத் துண்டுகளை அடுக்கி உண்டாக்குவது. துண்டுகளின் மேல் எண்கள். இரண்டு கட்டைகளை உருட்டி, கூட்டுத்தொகை எந்த எண்ணோ அந்த நிலத்திலிருந்து மரமோ செங்கல்லோ தானியமோ கிடைக்கும். நான் கட்டைகளைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு, மட்டையில் 36 துண்டு வெட்டினேன். 2 ஒரு துண்டு, 3 இரண்டு, 4 மூன்று என்று ஏறி, 7 ஆறு துண்டு, பிறகு இறங்கி 12 ஒரு துண்டு. கலக்கிவிட்டு ஒவ்வொன்றாக எடுப்போம்.

இதில் நான் திட்டமிடாத ஒன்று நடந்தது. மூன்றாவது ஆட்டத்தில் ஒரு பிள்ளை தாளில் குறித்துக்கொண்டே வந்து, "டீச்சர், எட்டு அஞ்சும் போயிட்டு. இனி அந்த நெலத்துல வீடு கட்டி வேலையில்ல" என்றாள். கட்டைக்கு ஞாபகம் கிடையாது, முன்பு என்ன விழுந்தது என்று அதற்குத் தெரியாது. துண்டுக் கட்டுக்கு ஞாபகம் இருக்கிறது. நிகழ்தகவில் எடுத்ததைத் திருப்பி வைப்பதும் வைக்காமல் விடுவதும் என்று கரும்பலகையில் இரண்டு கிழமை கத்தினாலும் ஏறாத பாடம் அது. செயற்பாட்டு வழிக் கற்றல் என்று பயிற்சிக் காலத்தில் ஒப்படை ஒப்படையாக எழுதித் தள்ளினோமே, அது இதுதான். பெயர் கூப்பிட்டால் தலை நிமிராத இன்னொரு பிள்ளை, இரண்டு ஆட்டுக்கு ஒரு செங்கல் தரவே மாட்டேன் என்று கடைக்காரர் மாதிரி பேரம் பேசினாள். அவளுக்கு அவ்வளவு சத்தம் இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

மட்டைத் துண்டும் மனசுக்கு ஒத்துவரவில்லையா, கார்காசோனில் எண்ணே இல்லை. 72 ஓடுகள், பாதைக்குப் பாதை, மதிலுக்கு மதில் பொருத்த வேண்டியதுதான். அதுவும் வேண்டாமென்றால் கெரம். சல்லி வைத்து ஆடினால் எதுவானாலும் சூது, அதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் இந்தப் பேணுதல் போன் பக்கம் ஏன் வருவதில்லை? உங்கள் மகன் ஃப்ரீ ஃபயரில் ரீலோட் காசைக் கொடுத்து டயமண்ட் வாங்குகிறான். அந்த டயமண்டைப் போட்டு ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறான். என்ன விழும் என்று அவனுக்குத் தெரியாது. விழாவிட்டால் காசு போனது போனதுதான். இதற்கு என்ன பெயர்? மட்டையில் வெட்டிய 36 துண்டைப் பற்றி என்னிடம் கேட்ட இரண்டு பேரும் அந்தச் சக்கரத்தைப் பற்றி வீட்டில் கேட்டார்களா?

"இது வெள்ளக்காரன்ட பழக்கம்" என்றவருக்கு நீளமாகப் பதில் எழுத விருப்பமில்லை. லூடோ இங்கிலாந்துக்குப் போனதே நம் பக்கத்துப் பச்சீசியிலிருந்து. சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகம் போய், அரபிகளின் கையால் ஐரோப்பாவுக்குப் போனது. பக்தாதில் அப்பாஸியர் காலத்தில் அல்-அத்லீ, அஸ்-ஸூலீ போன்றவர்கள் அதைப் பற்றி நூல்களே எழுதியிருக்கிறார்கள். கட்டானை 1995இல் வெளியிட்ட கிளவுஸ் டொய்பர் ஜெர்மன்காரர்தான், பல் கட்டும் தொழிலில் இருந்தவர். அவர் வீட்டுக்குள் இருந்து யோசித்தார். நம் மூத்தம்மாமார் மஞ்சாடிக் கொட்டையைக் குழியில் போட்டு எண்ணிய போதும் இதே வேலைதான் நடந்தது.

இப்போ என் குழுக்காரர்களுக்கு. நீங்கள் எல்லோரும் என் பக்கம் நிற்பீர்கள் என்று தெரியும். உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. கிழமைக்குக் கிழமை படம் வருகிறது. பெட்டி, பெட்டிக்கு மேல் பெட்டி, அலுமாரி நிறையப் பெட்டி. பாதிக்கு மேல் பொலித்தீன் கழற்றவில்லை. "மூலை மடங்கிட்டு" என்று விற்றவரோடு சண்டை. புள்ளைகள் தொட்டால் "கைய எடு". இரவல் கேட்டால் "காய் தொலையும்". ஐயா, காய் தொலைந்தால் ஒரு பட்டனை வைத்து ஆடலாம். ஆட ஆளில்லாத பெட்டியை என்ன செய்வது? ஊர் நம்மைப் பார்த்து ஆடம்பரம் என்று சொல்வதற்கு இந்த அலுமாரிப் படங்களும் காரணம். வாங்கியதைக் காட்டுங்கள், நானும் காட்டுவேன். காட்டினால் கீழே ஒரு வரி சேருங்கள்: எந்த நாள் விளையாடுகிறோம், யார் வரலாம், யாருக்கு இரவல்.

கழகத்து நிர்வாகிகளுக்கும் ஒரு கேள்வி வைக்கிறேன். அந்தக் கட்டடம் எல்லோருடைய காசிலும் எழும்பியது. சனிக்கிழமை காலை 9 மணியிலிருந்து லுஹர் வரை அங்கே ஒரு பூச்சியும் இல்லை, கெரம் போர்ட் சும்மா சாத்திக் கிடக்கிறது. அந்த நேரத்தைப் பெண் பிள்ளைகளுக்குத் தாருங்கள். கூட இரண்டு டீச்சர்மார் இருப்போம், கூட்டிப் பெருக்கித் திருப்பித் தருவோம். ஏலாது என்றால் காரணத்தைச் சொல்லி இங்கேயே எழுதுங்கள், இன்பொக்ஸில் வேண்டாம்.

படத்தில் இருந்த கட்டான் இப்போது என்னிடம் இல்லை. தரம் 10 பிள்ளை ஒன்று நேற்றுக் கொண்டுபோய் விட்டாள், ராத்தாவோடும் உம்மாவோடும் விளையாடவாம். கார்காசோன் வீட்டில் இருக்கிறது. வேண்டியவர்கள் சொல்லுங்கள். ஓடு 72ஐயும் எண்ணித் தருவேன், எண்ணித்தான் எடுப்பேன்.