பூனைக்கு நாய் மருந்து வேண்டாம்

வாசல் தாண்டாத பூனைக்குத் தெள்ளுப்பூச்சி எப்படி வரும் என்று கேட்கிறார்கள். நம் துணியோடு வரும், எலியோடு வரும். பூனை மேல் குற்றமில்லை. தண்டனை மட்டும் அதற்குத்தான்.

ஒருவர் ஃபினாயில் கலந்து குளிப்பாட்டச் சொல்கிறார். இன்னொருவர் கற்பூரத்தை எண்ணெயில் கரைத்துத் தடவச் சொல்கிறார். பூனை உடம்பை நக்கியே சுத்தம் செய்யும் பிராணி. மேலே தடவிய விஷம் வயிற்றுக்குள் போகும் என்று இவர்கள் யோசிப்பதே இல்லை.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, நாய்க்கு வாங்கிய மருந்தில் மிச்சத்தைப் பூனைக்கு விடுவது. நாய் மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் உண்டு. நாய் தாங்கும். பூனையின் கல்லீரலால் அதை முறிக்க முடியாது. உடல் நடுங்கும், வலிப்பு வரும், உயிரே போகலாம். இதைச் சிக்கனம் என்கிறார்கள்!

பூனையை மட்டும் வதைத்துப் பயனுமில்லை. தெள்ளின் முட்டைகள் பாயிலும் மெத்தையிலும் உதிர்கின்றன. புழு அங்கேயே வளர்ந்து கூடு கட்டி, மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும். ஆகவே பூனை படுக்கும் துணியை வாரந்தோறும் வெந்நீரில் துவையுங்கள். சோபா இடுக்கையும் கட்டிலடியையும் தினமும் பெருக்குங்கள். பூனைக்கென்றே உள்ள மருந்தை, எடையைச் சொல்லி, கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். வீட்டிலுள்ள எல்லாப் பூனைகளுக்கும் போடுங்கள். மூன்று மாதமாவது விடாதீர்கள்.

யாராவது ஏற்கெனவே நாய் மருந்தைத் தடவிவிட்டார்களா? வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைக் கரைத்துக் கழுவி, மருந்து அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். நடுக்கம் வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.