ஆளுயர வாத்தியமும் அரையங்குல மைக்கும்

பெரிய சரீரம் படைத்தவர்களுக்குச் சாரீரமும் பெரிதாக இருக்கும் என்பது உலகத்தில் பொதுவாக நிலவும் நம்பிக்கை. இதைப் பொய்யாக்கும் வாத்தியம் ஒன்று உண்டு. மேனாட்டாரின் ‘டபிள் பேஸ்’ என்பதே அது. பிடில் குடும்பத்தின் மூத்த அண்ணன். ஏறக்குறைய ஆறடி உயரம். வித்வான் நின்றுகொண்டு அணைத்துப் பிடித்து வாசிக்க வேண்டியது. ஆனால் அமெரிக்க ஜாஸ் கோஷ்டிகளில் வில்லை ஒதுக்கிவிட்டு அதை விரலால் மீட்டும்போது, பக்கத்தில் எக்காளமும் டிரம்மும் முழங்கத் தொடங்கினால், சில வரிசைகளுக்கு அப்பால் அதன் நாதம் தெளிவாக எட்டுவது கடினம்.

எட்டாவிட்டால் என்ன நஷ்டம் என்று நேயர்கள் கேட்கலாம். கோஷ்டி முழுவதற்கும் காலப்பிரமாணத்தைப் பிடித்துக் கொடுப்பதும், மற்ற ஸ்வரங்கள் நிற்பதற்கு அஸ்திவாரம் போடுவதும் பெரும்பாலும் இந்த வாத்தியந்தான். அஸ்திவாரம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் பாதகமில்லை. காதுக்குக் கேட்காவிட்டால் கட்டடமே ஆடிப்போகும்.

இந்தப் பலவீனத்துக்குக் காரணம் உண்டு. இதன் மிகத் தாழ்ந்த தந்தி விநாடிக்குச் சுமார் 41 தடவை அதிர்கிறது. அந்த ஒலியலையின் நீளம் காற்றில் 8 மீட்டருக்கும் அதிகம். அவ்வளவு நீண்ட அலையை முழு வலிமையுடன் கிளப்புவதற்கு இந்தப் பெரிய மரப்பெட்டியும் சிறியதே. போதாக்குறைக்கு, மனிதச் செவியும் தாழ்ந்த ஒலிகளை மந்தமாகவே கேட்கிறது. மேலே எழும் உபநாதங்களைக் கொண்டு அடிநாதத்தை நம் மூளைதான் ஊகித்து நிரப்பிக்கொள்கிறது.

ஜிம்மி பிளாண்டன் என்னும் வாலிபர் 1939-ஆம் வருஷம் டியூக் எல்லிங்டனின் கோஷ்டியில் சேர்ந்தார். எல்லிங்டன் அவரைப் பின்வரிசையில் ஒளித்து வைக்காமல் முன்னால், மைக்குக்கு அருகில் நிறுத்தினார். 1940-ல் பியானோவும் பேஸும் மட்டுமாக இருவரும் இசைத்தட்டுகள் பதிவு செய்தார்கள். 1942-ல், 23 வயதில், க்ஷயரோகம் பிளாண்டனைக் கொண்டுபோய்விட்டது. மூன்று வருஷத்துக்கும் குறைந்த அந்தக் காலத்துக்குள், தாளத்துக்குத் துணை நின்ற வாத்தியம் தனித்துப் பேசவும் வல்லது என்பதை அவர் நிலைநாட்டிவிட்டார்.

1946-ல் எவரெட் ஹல் என்பவர் வேறோர் உபாயம் கண்டார். வாத்தியத்தைத் தரையில் ஊன்றும் அடிமுளையின் மேல் மைக்கைப் பொருத்தி, அதைப் பெட்டிக்கு உள்ளேயே நிறுத்தினார். முளைக்கு ஆங்கிலத்தில் ‘பெக்’ என்று பெயர். ‘ஆம்ப்ளிஃபைட் பெக்’ என்பது சுருங்கி ‘ஆம்பெக்’ ஆயிற்று. பிற்பாடு அந்தப் பெயரில் வந்த ஒலிபெருக்கிகள் பிரசித்தி பெற்றன.

இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது. மைக் என்பது நாதத்தைப் பெரிதாக்கும் கருவி மட்டுமன்று. வாத்தியத்தின் பல குரல்களில் எதைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்கும் கருவியும் ஆகும். குதிரைக்கு ஓர் அடி தள்ளி மைக்கை நிறுத்தினால் மரமும் காற்றும் தந்தியும் கலந்த குரல் கிடைக்கும். ஆனால் அடுத்தவருடைய டிரம்மும் அழையாத விருந்தாளியாக உள்ளே வந்துவிடும். ‘எஃப்’ எழுத்து வடிவத் துவாரத்தின் வாயருகே வைத்தால் பானைக்குள் பேசுவது போன்ற முழக்கம் மேலிடும். சிறிய மைக்கை நுரை ரப்பரில் சுற்றிக் குதிரையின் இரு கால்களுக்கிடையே செருகுகிறவர்கள் உண்டு. வித்வான் எப்படி அசைந்தாலும் மைக்கும் கூடவே அசைவதால் நாதம் ஏறி இறங்காது. மரத்தின் அதிர்ச்சி நேரே மைக்கைத் தாக்காமல் தடுப்பது அந்த ரப்பரின் வேலை.

மற்றொரு வழி, குதிரைக்கு அடியில் ‘பியஸோ’ வில்லை ஒன்றை வைப்பது. அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் படிகங்களின் குணத்தை 1880-ல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள்; அதே தத்துவந்தான் இது. இந்த வில்லை காற்றைக் கேட்பதில்லை. மரத்தின் நடுக்கத்தை மட்டுமே கேட்கிறது. ஆகையால் நாதம் பலமாகவும் தெளிவாகவும் வரும், ஆனால் வறண்டிருக்கும். பத்து லக்ஷம் ஓம் அல்லது அதற்கு மேற்பட்ட தடையுள்ள ‘பிரீ-ஆம்ப்’ இதற்கு வேண்டும். இல்லாவிட்டால் எந்தத் தாழ்ந்த ஸ்வரங்களுக்காக இவ்வளவு பாடுபட்டோமோ, அவையே முதலில் மெலிந்துபோகும்.

எந்த வழியானாலும் ஊளை என்ற சத்துரு ஒன்று காத்திருக்கிறது. பெருக்கிய ஒலி திரும்பி வந்து பெட்டியை அசைக்க, அந்த அசைவு மறுபடியும் பெருக, சபையே காதைப் பொத்திக்கொள்ளும். ஒலிபெருக்கியை விலக்கி வைப்பதும், துவாரங்களை நுரை ரப்பரால் அடைப்பதும், 40-க்குக் கீழ்ப்பட்ட அதிர்வுகளை வடிகட்டுவதும் இதற்குப் பரிகாரங்கள்.

இந்த வசதிகள் வாத்தியத்தையே மாற்றிவிட்டன. பலமாக இழுத்து மீட்ட வேண்டிய அவசியம் குறைந்தவுடன், குடல் நரம்புத் தந்தி போய் உருக்குத் தந்தி பரவிற்று. தந்திகள் விரற்பலகைக்கு அருகில் தாழ்ந்தன. விரல்களுக்கு வேகம் கிடைத்தது. ஆனால் 1970-களின் இசைத்தட்டுகள் பலவற்றில் மரத்தின் குரலுக்குப் பதிலாக ரப்பரின் குரல் கேட்கிறது. 1980-களில் டெல்ஃபியோ மார்ஸாலிஸ் போன்ற பதிவாளர்கள், வில்லையிலிருந்து நேரே கம்பி இழுப்பதை விட்டுவிட்டு மறுபடியும் மைக்கை எதிரே நிறுத்தினார்கள்.

நம் சபைகளிலும் வீணையின் மேல் மைக்கை ஒட்டி வாசிப்பதைப் பார்க்கிறோம். கேள்வி அங்கும் இங்கும் ஒன்றே. பல வருஷம் சாதகம் செய்து விரலில் ஏற்றிய நாதத்தை, ஒரு சிறு வில்லையும் அவசரமாகத் திருகிய இரண்டு குமிழ்களும் வேறொருவருடைய நாதமாக்கிவிடலாமா?

ஆகையால் நாம் சொல்லக்கூடியது இதுதான். முதலில் டிரம்காரர் கையைத் தணிக்கட்டும். பிறகு வித்வான் தம்முடைய நண்பர் ஒருவரை வாசிக்கச் சொல்லி, தாம் கடைசி வரிசையில் போய் நின்று கேட்கட்டும். வகுப்பில் இரைச்சல் போடும் உபாத்தியாயருடைய பாடம் பின்பெஞ்சுக்கு விளங்குவதில்லை என்பதைத் தொழில்முறையில் நாம் நன்கு அறிவோம். இரைச்சலை அடக்கிய பிறகும் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவை மட்டும் மைக்கிடம் கேட்டு வாங்கிக்கொண்டால் போதும்.