செவலையின் வலது முன்னங்கால்

போன அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஆறரை மணி. இரவெல்லாம் பெய்த மழை விட்டும் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. கைப்பேசி அடித்தது. தீவில் சின்னதாக ஒரு சவாரி லாயம் நடத்தும் நண்பர்.

"அண்ணே, கொஞ்சம் உடனே வர முடியுமா? செவலை காலைத் தரையில வைக்க மாட்டேங்குது. ராத்திரி யாரோ கட்டையால அடிச்சிருக்காங்க."

நான் கால்நடை மருத்துவர் அல்ல. என் அப்பா பத்து கந்தோங் பந்தயத் திடலில் குதிரைக்காரராக இருந்தவர். வைக்கோல் வாசனையிலும் சாண வாசனையிலும் வளர்ந்தவன் என்பதுதான் என் தகுதி. அதனால் தீவில் யார் வீட்டு ஆடு தும்மினாலும் எனக்கு அழைப்பு வந்துவிடும்.

"டாக்டருக்குச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். வர ஒன்றரை மணி நேரம் ஆகும்னாங்க."

"சரி, நான் வர்ற வரைக்கும் அதை நடக்க விடாதீங்க. வலி ஊசி, மருந்து எதுவும் கொடுக்காதீங்க."

செவலை பதினோரு வயதுப் பெட்டைக் குதிரை. பிள்ளைகளைச் சவாரி பழக்கும் சாது. நான் போனபோது லாயத்தின் மூலையில், வலது முன்னங்காலின் நுனியை மட்டும் தரையில் தொட்டும் தொடாமலும் வைத்து நின்றது. காதுகள் விறைத்துப் பின்னால் சாய்ந்திருந்தன. கண் பாதி மூடியிருந்தது. மூக்குத் துவாரம் இறுகியிருந்தது. குதிரையின் முகத்தைப் பார்த்தே வலியை மதிப்பிட 2014-இல் ஆய்வாளர்கள் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். காது, கண், கண்ணுக்கு மேலுள்ள பகுதி, தாடைத் தசை, வாய், மூக்கு என்று ஆறு இடங்களைப் பார்க்கச் சொல்கிறது அது. என் அப்பாவுக்கு அந்த ஆய்வு தெரியாது. ஆனால் காலைப் பார்க்கும் முன் முகத்தைப் பார் என்று சொல்லித்தான் வளர்த்தார்.

காலில் வீக்கம் தெளிவாகத் தெரிந்தது. குளம்புக்கு மேலே உள்ள மூட்டிலிருந்து முழங்கால் வரை உருண்டு திரண்டிருந்தது. அதற்கு நடுவே இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் உரிந்து, ரத்தம் காய்ந்திருந்தது. பார்த்தவுடன் யாருக்கும் ‘அடி' என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது.

லாயத்துக்கு வெளியே, கூரையின் ஓரத்தில், இரவுக் காவலுக்கும் குதிரை பார்க்கவும் இருக்கும் பெரியவர் கைகட்டி நின்றார். அறுபத்தெட்டு வயது. நாற்பது வருடம் பந்தயக் குதிரைகளோடு வாழ்ந்தவர். நண்பர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "ராத்திரி இங்க இருந்தது அவர் ஒருத்தர்தான்."

வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், நானும் பெரியவரின் கையில் தடி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன்.

பிறகு வேலையைத் தொடங்கினோம். இப்படி ஒரு காலையில் வீட்டிலோ லாயத்திலோ நிற்பவர்களுக்காக அதை வரிசையாகவே சொல்கிறேன்.

முதலில் குதிரையைத் தொடாமல் இரண்டு நிமிடம் பார்க்க வேண்டும். எந்தக் காலில் பாரம் போடவில்லை, வேறு எங்காவது ரத்தம் இருக்கிறதா, தின்றிருக்கிறதா, சாணம் போட்டிருக்கிறதா? பிறகு இடது தோள் பக்கமாகப் பேசிக்கொண்டே போய்த் தலைக்கயிறு மாட்ட வேண்டும். வலியில் இருக்கும் சாதுவான குதிரையும் உதைக்கும்.

அடுத்து எண்கள். ஓய்வில் இருக்கும் பெரிய குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். உடல் வெப்பம் ஏறக்குறைய 37.5 முதல் 38.5 டிகிரி. செவலைக்கு நாடி 56, வெப்பம் 38.2. அதாவது வலி இருக்கிறது, காய்ச்சல் இல்லை. இந்த இரண்டு எண்களைத் தொலைபேசியில் சொன்னதும் டாக்டர், "நல்லது, அப்படியே நிறுத்தி வைங்க" என்றார்.

காயத்தைக் கழுவும் முன் படம் எடுத்தோம், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து. யாராவது வேண்டுமென்றே செய்திருந்தால் அந்தப் படம்தான் சாட்சி. நம் நாட்டின் விலங்கு நலச் சட்டம் 2015 அடித்துத் துன்புறுத்துவதைக் குற்றமாகத்தான் வைத்திருக்கிறது. அதற்குப் பிறகு, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்புப் போட்டு மெதுவாகக் கழுவினோம். மஞ்சள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், ஊதா மருந்து எதையும் பூசவில்லை. பூசினால் டாக்டர் பார்க்க வேண்டியது மறைந்துவிடும். வலி மருந்தும் அப்படித்தான். வலி அடங்கிய குதிரை நொண்டாது. நொண்டாத குதிரையிடம் எந்த இடத்தில் வலி என்று கண்டுபிடிக்க முடியாது. பெட்டைக் குதிரை சினையாக இருந்தால் எந்த மருந்தையும் இன்னும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும்.

காயத்தின் அளவைப் பார்த்து ஏமாறக் கூடாது. நீளமாகக் கிழிந்து தோல் தொங்கும் காயம் பயமுறுத்தும், ஆனால் பல நேரம் ஆறிவிடும். மூட்டுக்கு அருகில் பட்டாணி அளவு துளைதான் குதிரையைக் கொல்லும். மூட்டுக்குள் கிருமி போய்விட்டால் சில மணி நேரத் தாமதமும் காலைப் பறித்துவிடும். உள்ளங்குளம்பில் ஆணி குத்தி நின்றால் அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். எந்தத் திசையில், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க டாக்டருக்கு அது தேவை. தரையில் ஊன்றினால் இன்னும் ஆழமாக ஏறும் என்றால் மட்டும், டாக்டரைத் தொலைபேசியில் கேட்டு, இடத்தைக் குறித்துவைத்து எடுக்கலாம். இரணஜன்னிக்கு எளிதில் இரையாகும் விலங்குகளில் குதிரை முன்வரிசையில் இருக்கிறது. தடுப்பூசி எப்போது போட்டது என்ற தேதி கையில் இருக்க வேண்டும்.

டாக்டர் வந்தார். இளம் பெண். வீங்கிய இடத்தை அவர் முதலில் தொடவே இல்லை. குளம்பில் உள்ளங்கையை வைத்தார். பிறகு அதற்கு மேலே உள்ள மூட்டின் பின்புறம், இரு ஓரங்களிலும் விரல் வைத்தார். நல்ல காலில் அங்கே நாடி இருப்பதே தெரியாது. செவலைக்கு வலது காலில் அது சுத்தியல்போல அடித்தது. குளம்பும் சூடு. பெரிய இடுக்கியால் குளம்பைச் சுற்றிலும் அழுத்திக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் செவலை காலைப் பிடுங்கி இழுத்தது. பழைய லாட ஆணித் துளைக்குப் பக்கம்.

லாடத்தைக் கழற்றிக் குளம்பை மெல்லச் செதுக்கினார். கறுப்பாக, தண்ணீர்போல, நாற்றமெடுத்த சீழ் பீறிட்டு வந்தது. செவலை பெருமூச்சு விட்டது. அது கதையில் வருகிற பெருமூச்சு இல்லை, பக்கத்தில் நின்ற என் சட்டை ஈரமாகிற மாதிரி ஒரு மூச்சு.

காலை உடைத்துக்கொண்டதுபோல ஒரே இரவில் குதிரையை நிறுத்திவிடும் நோய்களில் குளம்புச் சீழ்தான் அதிகம் காணப்படுவது. மழைக்காலத்தில் குளம்பு ஊறி மெதுவாகும். கூர்மையான கல் குத்தும், அல்லது ஆணித் துளை வழியாக அழுக்கு ஏறும். உள்ளே சீழ் கட்டும். குளம்பு விரிந்து கொடுக்காது, அதனால் அழுத்தம் எல்லாம் உயிர்ச்சதை மேல் இறங்கும். வீக்கம் காலின் மேல்பக்கம் ஏறும். அதைப் பார்த்து நாம் காலில் அடியைத் தேடுவோம்.

அப்படியென்றால் உரிந்த தோல்? டாக்டர் கதவின் குறுக்குக் கட்டையைக் காட்டினார். தாழ்ப்பாளின் முனையில் நான்கைந்து செவலை மயிர். வலி தாங்காமல் இரவில் காலைத் தூக்கித் தூக்கி வைத்ததில் உரசியிருக்கிறது. கட்டை அடித்தது உண்மைதான். ஆனால் அது கதவுக் கட்டை.

நடந்தது என்ன என்று தெரியாத இடத்தில் நாம் ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறோம். திருவிளையாடல் கதை நினைவிருக்கும். நரிகள் பரிகளாக மதுரைக்கு வந்து, இரவில் மறுபடி நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளைக் கடித்துவிட்டு ஓடின. விடிந்ததும் பாண்டியன் கண்டது காயம்பட்ட குதிரைகளை. பழி விழுந்தது மாணிக்கவாசகர் தலையில். சுடுமணலில் நின்றார். இறைவன் வந்து காப்பாற்றினார். அன்று காலை அந்தச் செய்தியை அரசனிடம் சொல்லப் போன குதிரைக்காரர்களின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

நிஜத்தில் நடந்ததும் உண்டு. 1903-இல் இங்கிலாந்தின் கிரேட் வைர்லி என்ற ஊரில் இரவு நேரத்தில் குதிரைகளையும் மாடுகளையும் யாரோ கீறிப் போட்டார்கள். ஆகஸ்டில் ஒரு சுரங்கக் குதிரை. பிடிபட்டவர் ஜார்ஜ் எடல்ஜி என்ற இளம் வழக்கறிஞர். அவருடைய அப்பா பம்பாயிலிருந்து போன பார்சி, அவ்வூர்த் தேவாலயப் பாதிரியார். மகனின் கோட்டில் குதிரை மயிர் இருந்தது என்றார்கள். ஏழு ஆண்டு தண்டனை. அவர் காவலில் இருக்கும்போதே இன்னொரு குதிரை கீறப்பட்டது, அப்படியும் விடவில்லை. 1906-இல் விடுதலையான பிறகு, ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில் அவரைச் சந்தித்தார். எடல்ஜி செய்தித்தாளைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் படிப்பதைக் கண்டார். கண் மருத்துவமும் படித்தவர் அல்லவா? இந்தப் பார்வையோடு இருட்டில் வயல் தாண்டிப் போய்க் குதிரையைக் கீற முடியாது என்று எழுதினார். 1907-இல் மன்னிப்பு வந்தது. இழப்பீடு ஒரு காசும் வரவில்லை.

கோட்டில் இருந்த மயிரைப் பார்த்தார்கள், கண்ணைப் பார்க்கவில்லை. நாங்கள் காலைப் பார்த்தோம், குளம்பைப் பார்க்கவில்லை.

டாக்டர் போன பிறகு பெரியவரிடம் தனியாகப் பேசினேன். தேநீர் கையில் ஆறிப்போயிருந்தது. நெடுநேரம் கழித்துச் சொன்னார்:

"தம்பி, ஞாயித்துக்கிழமையே தெரியும். புல்லுல நல்லாத்தான் நடந்துச்சு. சரளைக்கல்லுல அடி சின்னதா வச்சுச்சு."

"ஏன் ஐயா சொல்லல?"

"போன தடவை இன்னொண்ணுக்குச் சொன்னேன். நீ என்ன டாக்டரான்னு கேட்டாங்க. அப்புறம் எதுக்கு வாயைத் திறக்கணும்?"

இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் லாடத்தைக் கழற்றிப் பார்த்திருந்தால் செவலை இந்த இரவைத் தாண்டியிருக்க வேண்டாம். அவருக்குத் தெரியாமல் இல்லை, அதைச் சொல்லத்தான் அங்கே இடமில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ ஒன்றை எழுதிவைத்திருக்கிறார். அரசன் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அரபுக் குதிரைகளை வாங்குகிறான், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததால் ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போகின்றன என்று. குதிரைக்குக் கொட்டிய பணத்தில் கொஞ்சம் ஆளுக்கும் போயிருந்தால் கணக்கு மாறியிருக்கும். அந்தத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள்தான் மலாயாவின் லாயங்களில் பெயர் தெரியாத நிபுணர்களானார்கள். 1864-இல் தொடங்கிய நம் பினாங்குப் பந்தய மன்றத்தைக் கலைக்க 2024-இல் உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். சிங்கப்பூரில் அதே ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடியது. திடல் போவதைப் பற்றி நிறையப் பேர் எழுதினார்கள். சரளைக்கல்லில் ஓர் அடி சின்னதாக விழுவதைக் கண்ணால் பிடிக்கிற அந்த ஆட்கள் எங்கே போனார்கள் என்று எழுதியவர்கள் குறைவு.

நண்பர் நல்ல மனிதர். மத்தியானம் பெரியவரிடம் போய் மன்னிப்புக் கேட்டார். பெரியவர், "விடுங்க முதலாளி" என்றார். அதோடு முடித்திருக்கலாம். ஆனால் நண்பர் லாயத்து வாசலில் ஒரு கரும்பலகையை மாட்டினார். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு வரி. தினமும் காலையில் பெரியவர் சொல்வதைத்தான் முதலில் எழுத வேண்டும், பிறகுதான் சவாரி. வயல்வெளியில் பெட்டைக் குதிரைகள் பருவத்தில் ஒன்றையொன்று உதைத்தாலும், ஒரு கீறல் என்றாலும், காரணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அதில் வரும். ‘யார்' என்று ஒரு கட்டம் அந்தப் பலகையில் இல்லை.

செவலைக்கு வெந்நீரில் எப்சம் உப்புப் போட்டுக் குளம்பை ஊறவைத்து, துணிக் கட்டுப் போட்டு, ஈரம் படாமல் வைத்தார்கள். மூன்றாம் நாளே காலை ஊன்றியது. துளை மூடிக் கெட்டியாகும் வரை லாடமும் இல்லை, சவாரியும் இல்லை.

ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். மழை நின்றிருந்தது. பிள்ளைகள் வரிசையில் காத்திருந்தார்கள். பலகையில் பெரியவரின் கோணல் கையெழுத்து:

"செவலை. வலது முன். கல்லில் சரி."