கடைசி ஆளும் வரட்டும்



சைக்கிளுக்காகவே ஒரு பத்திரிகை தொடங்கி, வாழ்நாளின் பெரும்பகுதியை அதற்கே கொடுத்த ஓர் ஆசிரியரைப் பற்றி இந்த மாதம் உங்களிடம் பேச வேண்டும். பிரான்சில் சேன்த் எத்தியென் நகரில் பட்டு வணிகம் செய்துவந்தவர் பால் தெ விவி. 1887-ல் அவர் தொடங்கிய இதழ் ‘லெ சிக்ளிஸ்த்’ என்ற பெயரில் புகழ்பெற்றது. வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதினார். உலகம் இன்றும் அவரை அந்தப் பெயரில்தான் அறியும்.

அவர் எழுதியதெல்லாம் ஓட்டிப் பார்த்து எழுதியது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே கியர் போதாது என்று வாதாடினார். தம் வண்டியில் பல கியர்களைப் பொருத்தி, ஊரைச் சுற்றியுள்ள மலைச்சாலைகளில் ஏறி இறங்கிச் சோதித்து, கண்டதை இதழில் வெளியிட்டார். பந்தய உலகம் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. டூர் டி பிரான்ஸில் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கியருக்கு 1937-ல்தான் அனுமதி கிடைத்தது. அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1930-ல், டிராம் மோதி வெலோசியோ இறந்துபோயிருந்தார்.

ஈஸ்டர் வந்தால் அவர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, இரவென்றும் பாராமல் ஓட்டி, தெற்கே வெயில் காயும் புரோவான்ஸுக்குப் போய்விடுவார். அந்தப் பழக்கத்தின் நினைவாக ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற அமைப்பு 1947-ல் ‘ஃபிளெஷ் வெலோசியோ’ என்ற குழுப் பயணத்தைத் தொடங்கியது. ஒரு குழுவுக்குக் குறைந்தது மூன்று வண்டி, அதிகம் போனால் ஐந்து. எங்கிருந்து கிளம்புவது, எந்த வழியில் வருவது என்பதெல்லாம் குழுவின் விருப்பம். 24 மணி நேரத்தில் குறைந்தது 360 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். எந்த இடத்திலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தங்கக் கூடாது. கடைசி இரண்டு மணி நேரத்தில் மட்டும் 25 கிலோமீட்டராவது ஓட்டியிருக்க வேண்டும்.

இவற்றோடு இன்னொரு விதி உண்டு. மூன்று வண்டிகளாவது சேர்ந்து முடித்தால்தான் குழுவின் பயணம் கணக்கில் சேரும். எவ்வளவு பெரிய சூரராக இருந்தாலும் தனியாக வந்து சேர்ந்தால் பயனில்லை. கணக்குப் போட்டால் சராசரி வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர்தான். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளே அந்த வேகத்தில் மிதிப்பார்கள். நெடுநேரத்தையும் இரவையும் ஒருவர் கையை ஒருவர் விடாமல் கடப்பதுதான் இதில் கடினம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தங்க முடியாது என்பதால், விடுதியில் படுத்துத் தூங்கிவிட்டுக் காலையில் கிளம்பும் வழியும் அடைபட்டுவிடுகிறது.

குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்கும் ஆடாக்ஸ் பயணங்கள் நம் ஊரிலும் வேரூன்றிவிட்டன. சென்னையிலும் கோவையிலும் நடக்கும், பிஆர்எம் எனப்படும் இத்தகைய பயணங்கள் அந்தப் பாரிஸ் அமைப்பின் விதிப்படி நடப்பவை. நேர வரம்பு 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. இடையில் குறித்த இடங்களில் பயண அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் நேரம் அச்சான ஏடிஎம் சீட்டோ பெட்ரோல் பங்க் ரசீதோ சாட்சி. முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. வெயிலுக்கு அஞ்சி, நீண்ட தூரப் பயணங்களை நம்மவர்கள் பெரும்பாலும் இரவோடு சேர்த்தே திட்டமிடுகிறார்கள்.

அப்படியொரு 300 கிலோமீட்டர் பயணத்தில் நண்பர்கள் மூவருடன் நானும் போனேன். திருவான்மியூரில் மாலை ஆறு மணிக்குக் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி வரை போய்த் திரும்ப வேண்டும். பிஆர்எம் அவரவர் தனியாக ஓட்டலாம் என்றாலும், வெலோசியோவின் பெயரில் உள்ள அந்த விதியை நால்வரும் எங்களுக்கே போட்டுக்கொண்டோம்: போனால் சேர்ந்து போவது, வந்தால் சேர்ந்து வருவது.

மாமல்லபுரம் தாண்டியதும் தெருவிளக்கு அரிதாகிவிடுகிறது. பகலில் முன்னால் போகிறவர் கையைக் காட்டிக் குழியைச் சொல்வார். இருட்டில் கை தெரியாது, குரல்தான் வழிகாட்டி. “குழி!”, “மணல்!”, “மாடு!” என்று முதல் ஆள் சொல்வதை இரண்டாம் ஆள் திருப்பிச் சொல்ல, அது கடைசி ஆள் வரை போய்ச் சேர வேண்டும். எதிர்க்காற்றை முன்னால் இருப்பவரே வாங்கிக்கொள்வதால் பின்னால் வருகிறவர்களுக்கு மிதிப்பு இலகுவாகும். அதனால் கொஞ்ச நேரத்துக்கொருமுறை முன்னால் இருப்பவர் பின்னால் போய்விட, அடுத்தவர் முன்னால் வருவார்.

கல்பாக்கம் கழித்து ஒருவருக்குப் பின் டயர் இறங்கியது. ஒருவர் டார்ச் பிடித்தார், ஒருவர் லாரிகள் வரும் பக்கம் பார்த்து நின்றார், வண்டிக்காரர் டியூபைக் கழற்றினார். புது டியூபைப் போடும் முன் டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் மெல்லத் தடவிப் பார்த்தோம். லாரி டயர் வெடித்துச் சிதறினால் அதிலிருந்து உதிரும் மயிரிழைக் கம்பி ஒன்று குத்தியிருந்தது. நகத்தால் வராமல் இடுக்கியால் பிடுங்கினோம். அதை எடுக்காமல் மாட்டினால் அடுத்த ஐந்து கிலோமீட்டரில் மறுபடி பஞ்சர்தான். தனியாக இருப்பவருக்கு அரைமணி பிடிக்கும் வேலை, நால்வர் சேர்ந்ததில் பத்து நிமிடத்தில் முடிந்தது.

திரும்பும் வழியில் மரக்காணம் உப்பளங்களை நெருங்கும்போது அதிகாலை மூன்றரை மணி. உடலின் வெப்பம் தணிந்து, உறக்கம் மிக வலுவாக இழுக்கும் நேரம் அது. எங்களில் இளையவரின் பின்விளக்கு இடமும் வலமும் ஆடுவதை மூத்த நண்பர் கவனித்துவிட்டார்.

“கண்ணு சொருகுதாடா?”

“இல்லண்ணா, ஓட்டிடுவேன்.”

“ஓட்டுவ, தெரியும். இப்ப நிறுத்து. கொஞ்ச நேரம் படு, நாங்க இருக்கோம்.”

திறந்திருந்த டீக்கடையின் பெஞ்சில் தம்பி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் படுத்தான். நாங்கள் டீயும் வாழைப்பழமும் கடலை மிட்டாயுமாக உட்கார்ந்திருந்தோம். கால் மணியில் எழுப்பினோம். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, சூடாக ஒரு டீ குடித்து எழுந்தவனை அடுத்த பத்து கிலோமீட்டருக்கு நடுவில் வைத்துக்கொண்டோம். காலை பதினோரு மணிக்கு நால்வரும் சேர்ந்தே அட்டையைக் கொடுத்தோம். அந்தக் கால் மணியை விட்டிருந்தால் தம்பி சாலையில் விழுந்திருக்கக்கூடும். முன்னேறும் வேகத்தைவிட நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் மனசுதான் இரவில் குழுவைக் காப்பாற்றுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பசி எடுக்கும் முன்பே சாப்பிட வேண்டும், தொடக்கத்திலேயே வேகம் காட்டக் கூடாது, பிறர் மெச்சுவதற்காக மிதிக்கக் கூடாது என்பதெல்லாம் வெலோசியோ தம் வாசகர்களுக்குச் சொல்லிவந்த புத்திமதிகள். நூறாண்டுக்கு மேலான பிறகும் மாற்ற வேண்டியது எதுவும் அவற்றில் இல்லை.

இரவில் ஓட்ட ஆசைப்படும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். தனியாகக் கிளம்பாதீர்கள். வண்டியில் முன்விளக்கும் பின்விளக்கும் உறுதியாகப் பொருத்தியிருக்கட்டும். ஒன்று அணைந்தால் இன்னொன்று இருக்கும்படி மாற்று விளக்கும் வேண்டும். ஒளியை எதிரொளிக்கும் மேல்சட்டை கட்டாயம். தூக்கம் வந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள். சொன்னவரைக் கேலி செய்யாத நண்பர்களோடு மட்டும் போங்கள்.

கார், பஸ், லாரி ஓட்டும் வாசகர்களிடம் கை கூப்பிக் கேட்கிறேன். எதிரே சைக்கிள் வந்தால் ஹை பீமைத் தணியுங்கள். அந்த வெளிச்சத்தில் எங்களுக்குச் சாலையே மறைந்துவிடுகிறது. கடக்கும்போது ஒரு கை தூரமாவது தள்ளிப் போங்கள். உங்களுக்கு ஆகும் தாமதம் சில நொடிதான்.

‘லெ சிக்ளிஸ்த்’ இதழைச் செழிக்கச் செய்தவை வாசகர்கள் எழுதி அனுப்பிய பயணக் கட்டுரைகள். உங்களிடமும் அப்படிப்பட்ட பயணங்கள் இருக்கும். எவ்வளவு தூரம் போனீர்கள் என்பதைவிட யாரோடு போனீர்கள், வழியில் யாருக்காக நின்றீர்கள் என்று எழுதுங்கள். வரும் இதழ்களில் அவற்றுக்குப் பக்கம் ஒதுக்கிக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்