கவுன்சலிங்கில் பேசியது வீடு வரை வருகிறதா?

மாத்திரைச் சீட்டைப் பத்திரமாக வைக்கிறோம். மனநல ஆலோசனையில் பேசியதை? பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனசு விட்டுப் பேசிவிட்டு அம்பாசமுத்திரம் பஸ் ஏறினால், பத்தமடை தாண்டுமுன் பாதி மறந்துபோகிறது. "டாக்டரம்மா என்ன சொன்னாவ?" என்று மாமியார் கேட்டால், "மாத்திரை தந்தாவ" என்பதோடு சரி.

இது நம் குறையல்ல. மனச்சோர்வும் தூக்கமின்மையும் ஞாபகத்தைக் குறைக்கும். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆலிசன் ஹார்வி இதையே ஆராய்ந்திருக்கிறார். பேசியது நினைவில் நிற்க உதவுவதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான் என்கிறார்.

எனவே சகோதரிகளே, பஸ் ஏறுமுன் நாலு வரி எழுதுங்கள். எது மனசில் பட்டது, இந்த வாரம் என்ன செய்யச் சொன்னார்கள், அடுத்த முறை என்ன கேட்கணும் என்பது போதும். 2022-ல் வந்த டெலி மானஸ் இலவச எண் 14416-க்குப் பேசும்போதும் கையில் பேனா இருக்கட்டும்.

சிக்கல் இனிமேல்தான். அந்த நோட்டை வீட்டில் யார் பிரிப்பார்கள் என்ற பயத்திலேயே பலர் எழுதுவதில்லை. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் மருத்துவர் ரகசியம் காக்க வேண்டும் என்கிறது. நம் மருத்துவக் குறிப்பைக் கேட்டுப் பெறவும் உரிமை தருகிறது. நம் வீட்டு அலமாரிக்கு எந்தச் சட்டம் காவல்? வீட்டார்தான் அந்த மரியாதையைத் தர வேண்டும்.

ஆலோசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கடைசி ஐந்து நிமிஷம் ஒதுக்கி, பேசியதை எங்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சீட்டின் பின்புறம் தமிழில் இரண்டு வரி எழுதித் தாருங்கள்.

- ஓர் இல்லத்தரசி, கல்லிடைக்குறிச்சி.